சிங்கப்பூர் – இலண்டன்: மாறாத தொலைவும் மாறிய நேரமும்



தொலைவு, நேரம், வேகம் பற்றிய கணக்கு ஒன்றை அண்மையில் மாணவர்களுக்குக் கொடுத்தேன். கணக்கு இதுதான். சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்துக்கும் இலண்டனின் ஹீத்ரோ வானூர்தி நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 10,880 கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஒரு வானூர்தி சாங்கியிலிருந்து இரவு 11.30 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் விடியற்காலை 5.30 மணிக்கு ஹீத்ரோவில் இறங்குகிறது. அதன் சராசரி வேகம் என்ன?

வகுப்பில் பாதிப்பேர் 6 மணி நேரம் என்று கொண்டு, மணிக்கு 1,813 கிலோமீட்டர் என விடை எழுதினர். இரு ஊர்களின் கடிகாரங்களுக்கும் இடையே 8 மணி நேர வேறுபாடு உண்டு என்பதை நினைவில் கொண்டவர்கள் 14 மணி நேரம் என்று கணக்கிட்டு, 777 கிலோமீட்டர் என்னும் சரியான விடையைக் கண்டனர். பாடம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால், ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இந்த 14 மணி நேரத்தை யார் முடிவு செய்தது?" என்று கேட்டாள்.

'வேகத்தால் தொலைவை வகுத்தால் நேரம் கிடைக்கும்' என்று சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். அவள் கேட்டது அதுவன்று. அவளுடைய கேள்விக்கு விடை கணிதப் புத்தகத்தில் இல்லை, வரலாற்றில்தான் இருக்கிறது. அந்த விடையைத் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நூலும் உலக உருண்டையும்

முதலில் தொலைவைப் பார்ப்போம். சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் இலண்டனையும் ஓர் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் முறை வரைபடமாக இருந்தால், அந்தக் கோடு சென்னைக்குச் சற்று வடக்கே இந்தியாவுக்குள் நுழைந்து, மும்பைக்கு அருகே வெளியேறி, பாரசீக வளைகுடாவின் வடமுனை, சிரியா, துருக்கி வழியாக இலண்டனை நோக்கிச் செல்லும்.

இனி, உலக உருண்டையை எடுத்து, அதே இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வேறு வழியில் செல்வதைக் காண்பீர்கள். அந்தமான் கடல், வங்காள விரிகுடா, பீகார், இமயத்தின் மேற்குப் பகுதி, பாகிஸ்தானின் வடக்கு, ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவின் வோல்கோகிராட் நகரப் பகுதி, உக்ரைனின் வடக்கு, போலந்து, ஜெர்மனி என்று அது வளைந்து போகும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி இந்த நூல் செல்லும் வழியே. இதன் நீளம்தான் 10,880 கிலோமீட்டர். வரைபடத்தில் நேராகத் தெரிந்த கோடு இதைவிட நானூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது.

நூல் கடந்து சென்ற நாடுகளின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவை தேவைப்படும்.

கடிகாரமும் மாறியது

மாணவர்கள் தடுமாறிய அந்த 8 மணி நேர வேறுபாடும் மனிதர்கள் வகுத்ததே. 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி முந்திய நேரம் வகுக்கப்பட்டது. 1933இல் அது 7 மணி 20 நிமிடமாகவும், 1941இல் ஏழரை மணியாகவும் ஆனது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே நம் நேரமாயிற்று; வேறுபாடு 9 மணி. போர் முடிந்தபின் மீண்டும் ஏழரை மணி. தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக் நேரத்துடன் ஒன்றாக்குவதற்காக 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நம் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டன. சிங்கப்பூரும் அதனையே பின்பற்றியது. அன்று முதல் 8 மணி நேர வேறுபாடு நிலைத்தது. பிரிட்டனில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதால் அப்போது வேறுபாடு 7 மணி.

ஆகவே, பழைய நூல்களில் ஏழரை மணி என்று கண்டால் அது அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.

நாற்பத்தொரு நாள்

வானூர்திக்கு முன் கப்பல். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த பாய்மரக் கப்பல்களுக்குப் பல மாதங்கள் பிடித்தன. 1845ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பி அண்ட் ஓ நிறுவனத்தின் 'லேடி மேரி வுட்' என்னும் நீராவிக் கப்பல் சிங்கப்பூரை வந்தடைந்தது. அது கொண்டுவந்த இலண்டன் கடிதங்கள் 41 நாளில் வந்து சேர்ந்தன. அன்றைய மக்களுக்கு அது பெரும் விரைவு. அப்போது சூயஸ் கால்வாய் இல்லை. கடிதப் பைகள் எகிப்தில் இறக்கப்பட்டு, தரைவழியே செங்கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே வேறு கப்பலில் ஏற்றப்பட்டன. 1869இல் கால்வாய் திறக்கப்பட்டபின் கப்பல்கள் இடையில் சரக்கை மாற்றாமலே வரலாயின.

நம் கணக்கின்படி பார்த்தால், 41 நாள் என்பது 984 மணி. அந்தக் கடிதங்களின் சராசரி வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர். மிதிவண்டியில் மெல்லச் செல்லும் சிறுவனின் வேகம் அது.

1919: குதிரைப் பந்தயத் திடலில் இறங்கிய வானூர்தி

முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்குப் பத்தாயிரம் பவுன் பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறப்புகள், பென்னட், ஷியர்ஸ் என்னும் இரு பொறிவினைஞர்களுடன், விக்கர்ஸ் விமி என்னும் இரட்டை இறக்கை வானூர்தியில் 1919 நவம்பர் 12ஆம் நாள் இலண்டனுக்கு மேற்கே உள்ள ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். இன்றைய ஹீத்ரோ அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது.

அவர்கள் அமர்ந்திருந்த இடத்துக்குக் கூரை இல்லை. ஐரோப்பியக் குளிரும் வங்கக் கரையின் மழையும் நேரே முகத்தில் அடித்தன. திசம்பர் 4ஆம் நாள் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தனர். அங்கே வானூர்தி நிலையம் என்று எதுவும் இல்லை; ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில்தான் இறங்க வேண்டும். திடலோ சிறியது. இறங்கும் வேளையில் பென்னட் தம் இருக்கையைவிட்டு வெளியேறி, வானூர்தியின் முதுகின்மேல் ஊர்ந்து வால்பகுதிக்குச் சென்றார். அவருடைய எடையால் வால் விரைவில் தரையைத் தொட்டு உராய்ந்தது; ஊர்தி திடலுக்குள்ளேயே நின்றது. அவர்கள் திசம்பர் 10ஆம் நாள் டார்வின் நகரில் இறங்கிப் பரிசையும் வென்றனர்.

இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு 22 நாள். 41 நாள் பாதியாயிற்று. அதற்கு ஒரு மனிதர் பறக்கும் ஊர்தியின் வால்மீது ஏற வேண்டியிருந்தது.

எட்டு நாள், இடையில் ஓர் இரயில்

ஒழுங்கான பயணச் சேவை வருவதற்கு மேலும் 14 ஆண்டுகள் ஆயின. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929இல் இலண்டன் – கராச்சி சேவையைத் தொடங்கி, அதனைப் படிப்படியாகக் கிழக்கே நீட்டி, 1933 திசம்பரில் சிங்கப்பூரை எட்டியது. 1934 திசம்பரில் இவ்வழி ஆஸ்திரேலியா வரை அஞ்சல் கொண்டு சென்றது. மறு ஆண்டு பயணிகளையும் ஏற்றியது. இலண்டனிலிருந்து பிரிஸ்பேன் நகருக்குப் பன்னிரண்டரை நாள்; சிங்கப்பூருக்கு ஏறத்தாழ எட்டு நாள்.

அந்த வழியில் கராச்சி, ஜோத்பூர், டில்லி, அலகாபாத், கல்கத்தா, அக்யாப், இரங்கூன், பாங்காக் ஆகிய ஊர்களும், நம் கெடாவின் அலோர் ஸ்டாரும் இருந்தன. டச்சு நாட்டின் கே.எல்.எம். நிறுவனம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவுக்கு நடத்திய சேவையும் அலோர் ஸ்டாரில் இறங்கிச் சென்றது. 1936இல் பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்குக் கிளைச் சேவையும் தொடங்கியது. இன்று உள்நாட்டுப் பயணிகளின் ஊராக நாம் அறியும் அலோர் ஸ்டார், அன்று ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்த பெருவழியில் ஒரு படிக்கட்டாக இருந்தது என்பதை நம் வடபகுதி மாணவர்கள் அறிய வேண்டும்.

எட்டு நாள் ஆனதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, வேகம். அன்றைய பெரிய வானூர்திகள் சில மணிக்கு 160 கிலோமீட்டரே பறந்தன. இரண்டாவது, எரிபொருள். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நிரப்ப வேண்டும்; இரவில் பறக்காமல் பயணிகளை விடுதியில் தங்க வைக்கவும் வேண்டும். மூன்றாவது காரணம்தான் பலரும் அறியாதது. அது அனுமதி.

தன் வான்வெளிக்குள் பிரிட்டிஷ் வானூர்தி நுழைவதை இத்தாலி எளிதில் ஒப்பவில்லை. ஆகவே, இலண்டனிலிருந்து வானூர்தியில் பாரிசுக்கு வந்த பயணிகள், அங்கிருந்து தென் இத்தாலியின் பிரிண்டிசி வரை இரயிலில் சென்று, மீண்டும் வானூர்தி ஏறினர்! பாரசீக அரசும் தன் கரையோர வழியைத் தொடர்ந்து பயன்படுத்த இசையவில்லை. 1932இல் வழி அரேபியக் கரைக்கு மாறியது. அதற்காக ஷார்ஜாவில் இறங்குதளமும் பயணிகள் தங்குவதற்குக் கோட்டை போன்ற ஒரு விடுதியும் எழுந்தன. வேகமும் எரிபொருளும் பொறியாளர்களின் கையில் இருந்தன. அனுமதி அரசுகளின் கையில் இருந்தது.

1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்பர்ன் வரை நடந்த புகழ்பெற்ற வானூர்திப் போட்டி, வேகம் எவ்வளவு கூடலாம் என்பதைக் காட்டியது. அதில் சிங்கப்பூர் கட்டாயமாக இறங்க வேண்டிய இடங்களுள் ஒன்று. ஸ்காட், கேம்பல் பிளாக் என்னும் இருவர் மெல்பர்ன் வரை ஏறத்தாழ 71 மணி நேரத்தில் பறந்து வென்றனர். இரண்டாவதாக வந்ததோ மூன்று பயணிகளையும் அஞ்சல் பைகளையும் ஏற்றிவந்த கே.எல்.எம். நிறுவனத்தின் டி.சி.-2 வானூர்தி. சாதாரணப் பயணிகளும் சில நாளில் உலகைக் கடக்கலாம் என்னும் நம்பிக்கையை அது உண்டாக்கியது.

1937 சூன் 12ஆம் நாள் சிங்கப்பூரில் காலாங் வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. தரையில் இறங்கும் வானூர்திகளும், நீரில் மிதக்கும் வானூர்திகளும் அங்கே வரலாம். மறு ஆண்டு முதல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மிதவை வானூர்திகள் சிட்னியைப் பத்து நாளுக்குள் அடைந்தன.

பூட்டிய வாசல்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி நடுவில் அறுந்தது. அதனை ஒட்டவைக்க 1943 சூலையில் குவாண்டாஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கு, இடையில் எங்கும் இறங்காமல், இந்தியப் பெருங்கடலின்மேல் மிதவை வானூர்திகளை இயக்கியது. மூன்று பயணிகளுக்குமேல் ஏற்ற இயலாது. எரிபொருளே பெரும் சுமை. எதிரி அறியாதிருக்க வானொலியைப் பயன்படுத்தாமல், விண்மீன்களைப் பார்த்து வழிகண்டனர். பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீண்டது. ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் கண்டதால் அதற்கு 'இரட்டை உதயம்' என்று பெயர் ஏற்பட்டது. சிங்கப்பூர் என்னும் வாசல் பூட்டப்பட்டபோது வழி எவ்வளவு நீண்டது என்பதற்கு இது சான்று.

காமெட்: விரைவின் விலை

இனிச் சொல்லப்போவது வருத்தமான பகுதி. ஆயினும், மாணவர்களிடம் இதனை மறைக்கக்கூடாது என்பது என் கருத்து.

1952ஆம் ஆண்டு, உலகின் முதல் தாரை வானூர்திப் பயணச் சேவையைப் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் தொடங்கியது. வானூர்தியின் பெயர் டி ஹாவிலாண்ட் காமெட். அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அது இலண்டன் – சிங்கப்பூர் வழியிலும் வந்தது. சுழல்விசிறி வானூர்திகளில் நாள்கணக்கில் நீண்ட பயணம் மணிக்கணக்கில் சுருங்கியது. மேகங்களுக்கு மேலே, அதிர்வின்றிப் பறந்த அந்த ஊர்தியை உலகமே வியந்தது.

1953 மே 2ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் சென்ற காமெட் ஒன்று கல்கத்தாவிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் இடிமழையில் சிதைந்து வீழ்ந்தது. 43 பேர் உயிரிழந்தனர். 1954 சனவரி 10ஆம் நாள், அதேபோலச் சிங்கப்பூரில் பயணத்தைத் தொடங்கி இலண்டன் சென்றுகொண்டிருந்த மற்றொரு காமெட், உரோமிலிருந்து எழும்பியபின் எல்பா தீவுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். ஏப்ரல் மாதம் மூன்றாவது காமெட் ஒன்று நேப்பிள்ஸ் நகருக்கு அருகே கடலில் வீழ்ந்ததும் காமெட் சேவை முழுதும் நிறுத்தப்பட்டது.

ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தார் கடலடியிலிருந்து சிதைவுகளை எடுத்து ஒன்றுசேர்த்தனர். வேறொரு காமெட் வானூர்தியின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தனர். உண்மை தெரிந்தது. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பயணிகள் மூச்சுவிட உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் வானூர்தியின் உடல் சற்று ஊதி, மீண்டும் தளர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது முறிவதில்லையா? அவ்வாறே, திறப்புகளின் மூலைகளில் விசை குவிந்து, உலோகம் களைத்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளர்ந்து, ஒரு நாள் உடலே கிழிந்தது. 'உலோகக் களைப்பு' என்று இதனைக் கூறுவர்.

இன்று நாம் ஏறும் ஒவ்வொரு வானூர்தியும் இந்தச் சோதனையைக் கடந்தே வருகிறது. நம் பகுதியிலிருந்து புறப்பட்டு வீடு சேராத அந்தப் பயணிகளிடமிருந்து உலகம் கற்ற பாடம் அது.

ஒன்பது மணி நேரம், பிறகு நிறுத்தம்

1970களில் பெரிய வானூர்திகள் வந்தன. மலேசிய – சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1971இல் இலண்டன் சேவையைத் தொடங்கியது. மறு ஆண்டு அது இரு நாட்டு நிறுவனங்களாகப் பிரிந்தது. 1977 திசம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இணைந்து, ஒலியைவிட இருமடங்கு விரைவாகப் பறக்கும் கான்கார்டு வானூர்தியை இலண்டன் – பஹ்ரைன் – சிங்கப்பூர் வழியில் இயக்கின. அதன் உடலின் ஒரு பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் வண்ணமும் மறுபக்கத்தில் மற்றதன் வண்ணமும் தீட்டப்பட்டிருந்தன. பயண நேரம் ஏறத்தாழ 9 மணி.

மூன்று முறை சென்று திரும்பியதோடு சேவை நின்றது. ஒலியை விஞ்சிப் பறக்கும்போது தரைவரை கேட்கும் பேரதிர்வை முன்னிட்டு, மலாக்கா நீரிணையின்மேல் அவ்வாறு பறப்பதற்கு மலேசிய அரசு ஒப்பவில்லை. இந்தியாவும் தன் நிலத்தின்மேல் அதற்கு இசையவில்லை. 1979 சனவரியில் மீண்டும் தொடங்கிய சேவை 1980 நவம்பரில் முற்றாக முடிந்தது. போதிய பயணிகள் இல்லை, செலவோ மிகுதி. கான்கார்டு வானூர்திகள் 2003இல் உலகெங்கும் ஓய்வு பெற்றன.

ஆகவே, சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு 1979இல் சென்றவர் இன்று செல்பவரைவிட ஏறத்தாழ ஐந்து மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம்! அறிவியல் முன்னேறினால் நேரம் தானாகக் குறையும் என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறோம். வரலாறு அப்படி ஒரே திசையில் ஓடவில்லை.

நூல் கடந்த நாடுகள்

1989இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 747-400 வானூர்தியை வாங்கி, இலண்டனுக்கு இடைநில்லாமல் இயக்கியது. எரிபொருளுக்காக எங்கும் இறங்க வேண்டியதில்லை. அலோர் ஸ்டார் முதல் பஹ்ரைன் வரை அத்தனை படிக்கட்டுகளையும் தாண்டி, ஒரே எட்டில் சென்றுவிடலாம்.

இன்றும் இந்தப் பயணம் மேற்கு நோக்கிச் செல்கையில் ஏறத்தாழ 14 மணி நேரமும், கிழக்கு நோக்கி வருகையில் 13 மணி நேரமும் பிடிக்கிறது. வடகோளத்தின் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்று இலண்டனிலிருந்து வருபவரைத் தள்ளிவிடுகிறது; செல்பவரை எதிர்த்துத் தடுக்கிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்ல வானூர்திக்கு நம் கணக்கில் 777 மட்டும் வந்ததற்கு இந்தக் காற்று ஒரு காரணம். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் மற்றொன்று. மூன்றாவது காரணம், வானூர்தி நம் நூலின்மேல் பறப்பதில்லை என்பது.

1944இல் சிக்காகோவில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு உரிமை உண்டு. நூல் கடந்த நாடுகளை இப்போது நினைவுகூருங்கள். 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் பல வானூர்திகள் நீண்ட வழியில் சுற்றிச் சென்றன. 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் ஆட்சி மாறியபோது அதன் வானம் வெறிச்சோடியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின், பிரிட்டிஷ் வானூர்திகள் ரஷ்யாவின்மேல் பறக்கத் தடை வந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோ செல்ல முன்பு 9 முதல் 10 மணி நேரம் ஆனது. ரஷ்யாவைச் சுற்றிச் செல்லத் தொடங்கியபின் அது ஏறத்தாழ 13 மணி நேரமாயிற்று. ஊர்கள் நகரவில்லை, வானூர்தியும் வேகம் குறையவில்லை.

இந்த வரிசையில் ஒன்றை மலேசியர் எவரும் மறக்க இயலாது. 2014 சூலை 17ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 வானூர்தி கிழக்கு உக்ரைனின்மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 பேரும் மாண்டனர். அவர்களுள் பணியாளர் 15 பேரும் மலேசியர். அப்பகுதியில் 32,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை இருந்தது. அவ்வூர்தி 33,000 அடியில், அனுமதிக்கப்பட்ட உயரத்தில், பறந்துகொண்டிருந்தது. அன்று மட்டும் 160 பயணிகள் வானூர்திகள் அதே பகுதியைக் கடந்தன என்று நெதர்லாந்தின் பாதுகாப்பு விசாரணைக் குழு பின்னர்க் கூறியது. வானத்தை முழுதும் மூடியிருக்க வேண்டும் என்பதும் அதன் முடிவு. அதற்குப் பின்னரே, போர் நடக்கும் நாடுகளின்மேல் பறப்பது பற்றி உலக நிறுவனங்கள் கூடுதல் கவனம் கொள்ளலாயின. இன்று ஒரு வானூர்தி சுற்றிச் செல்வதால் நமக்கு ஒரு மணி நேரம் தாமதமானால், அந்த ஒரு மணி நேரம் எதற்காக என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் பயன்படுத்துவதற்காக ஒரு சிறு பட்டியலைத் தருகிறேன். 10,880 கிலோமீட்டர் என்னும் ஒரே தொலைவை வைத்துக் கணக்கிட்ட சராசரி வேகம் இது. உண்மையில் சென்ற வழி இதைவிட நீளமானது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

1845, நீராவிக் கப்பல் அஞ்சல்: 41 நாள், மணிக்கு 11 கி.மீ.
1919, விக்கர்ஸ் விமி: 22 நாள், மணிக்கு 21 கி.மீ.
1934, இம்பீரியல் ஏர்வேஸ்: சுமார் 8 நாள், மணிக்கு 57 கி.மீ.
1979, கான்கார்டு: சுமார் 9 மணி, மணிக்கு 1,209 கி.மீ.
இன்று: சுமார் 14 மணி, மணிக்கு 777 கி.மீ.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளுடன் வானூர்தியில் செல்லும்போது, முன்னிருக்கையின் திரையில் ஓடும் வரைபடத்தைப் பாருங்கள். வழி எங்கே வளைகிறது, எந்த நாட்டைச் சுற்றிச் செல்கிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உருண்டையில் நூலைப் பிடித்து ஒப்பிடச் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தேடினால் புவியியலும் வரலாறும் தாமாகவே வந்து சேரும்.

அந்த மாணவிக்கு மறுவாரம் விடை சொன்னேன். "14 மணி நேரத்தை ஒருவர் முடிவு செய்யவில்லை, அம்மா. பொறியாளர், விமானி, காற்று, எரிபொருள், கீழே உள்ள நாடுகள், முன்னே சென்று உயிரிழந்தவர்கள் என்று அத்தனை பேரும் சேர்ந்து முடிவு செய்த நேரம் அது" என்றேன். சற்று யோசித்துவிட்டு அவள், "அப்படியென்றால் நாளைக்கு மாறலாம், இல்லையா ஐயா?" என்றாள்.

மாறலாம். அதனால், விடைத்தாளில் 777 என்பதற்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுதும்படி வகுப்பில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.